பொள்ளாச்சித் தோப்பில் விசிறி மேகம்

திங்கள், காலை ஆறரை மணி. கோயம்புத்தூர் ரயில் நிலையம்.

பெங்களூரிலிருந்து வந்த வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். நடைமேடையில் துரைசாமி எனக்காகக் காத்திருந்தார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஊரில் வானம் பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய மன்றத்தின் செயலாளர். அன்று மாலை அந்த மன்றத்தில் பேசத்தான் என்னை அழைத்திருந்தார்கள். பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களிலிருந்து பீறிட்டு வெளியேறும் வாயுவை ஆராய்வது என் தொழில். அது 1995, மாசி மாதம், அமாவாசைக்கு முந்தைய வாரம்.

துரைசாமியின் பழைய பியட் காரில் ஏறிய பிறகுதான் என்னை அழைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது தெரிந்தது.

“மேடம், ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க” என்றார். “பொள்ளாச்சில ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்க. கோகிலான்னு. எங்க மன்றத்துலதான் இருந்தாங்க. விசிறி மேகம் மாறுது மாறுதுன்னு மாசா மாசம் படம் வரைஞ்சு அனுப்புறாங்க. எங்களுக்கு என்னமோ டவுட்டாவே இருக்குதுங்க.”

“என்ன சந்தேகம்?”

“புஸ்தகத்தப் பாத்து வரையறாங்களோன்னு. எங்கிட்ட வெளிநாட்டு டெலஸ்கோப் இருக்குது. அதுலயே அது ஒரு பொகை மாதிரித்தான் தெரியுதுங்க. அவங்களோடது சொந்தமாத் தேச்ச கண்ணாடி. ஒரு நாள் கூட்டத்துல இதக் கேட்டுப் போட்டோம். அன்னைக்கு எந்திரிச்சுப் போனவங்கதான், அப்பறம் வாரதில்லீங்க.”

அவருடைய தொலைநோக்கியை அன்று மதியம் அவர் வீட்டு மொட்டைமாடியில் பார்த்தேன். நல்ல கருவி. ஆனால் மாடிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. கீழே இரவு ஷிப்ட் ஓடும் பட்டறைகள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கருவிக்கும் புகைதான் தெரியும். இருந்தாலும் அவர் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை. காரணம் உண்டு.

ஓரியன் வேட்டைக்காரனுக்குக் கிழக்கே, ஒற்றைக்கொம்பன் என்ற மங்கலான விண்மீன் மண்டலத்தில், வாயுவும் தூசியும் திரண்ட அந்த விசிறி மேகம் இருக்கிறது. அதன் நுனியில் ஓர் இளம் நட்சத்திரம். சுற்றியுள்ள வாயுவை இழுத்து விழுங்கி வளரும் பருவம் அதற்கு. விழுங்குவதில் ஒரு பகுதியை அது தன் இரு துருவங்களின் வழியாக வெளியே ஊதியும் தள்ளுகிறது. அப்படி ஊதி ஊதி, தன்னைப் பொதிந்திருந்த மேகத்தைக் குடைந்துவிட்டது. குடைந்த பள்ளத்தின் சுவரில் அதன் ஒளி படுவதுதான் நமக்கு விசிறியாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் தூசிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. நட்சத்திரத்துக்கு மிக அருகில் தூசித் திரள்கள் மிதந்து போகும்போது அவற்றின் நிழல் விசிறி மேல் விழும். அதனால் சில வாரங்களுக்கொரு தடவை விசிறியின் முகம் மாறும். இது வானியலாளர்கள் எல்லோரும் அறிந்த செய்தி.

அங்கேதான் சிக்கல். மாறும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு மாற்றி மாற்றி வரைவது எவ்வளவு எளிது! இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அதை வரைவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம்கூடக் கிடையாது. கோகிலா என்ன வரைந்தாலும் பொய் என்று காட்ட முடியாது. மெய் என்றும் காட்ட முடியாது. மன்றம் தன் ஆண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கவிருந்தது. அவருடைய இரண்டு ஆண்டுப் படங்களையும் சேர்ப்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

“நீங்க பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க” என்றார் துரைசாமி.

ஒப்புக்கொண்டேன். நானும் அந்தப் படங்களை நம்பவில்லை.

செவ்வாய், காலை பத்து மணி. உக்கடம் பேருந்து நிலையம்.

பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் ஆறு ரூபாய். சன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, காலருகே ஒரு பை நிறைய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறைகள். கிணத்துக்கடவு மலைக்கோயில் கண்ணில் படும்வரை பேசாமல் வந்தவர், மெல்ல ஆரம்பித்தார்.

“ஏனுங் கண்ணு, பொள்ளாச்சில யாரூட்டுக்குங்க?”

“ஒரு டாக்டரைப் பார்க்கப் போறேன்.”

“ஒடம்புக்கு முடியலீங்களா?”

“இல்லைங்க, வேலை விஷயமா. நான் ஆராய்ச்சி பண்றேன். கேஸைப் பத்தி.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கேஸுங்களா! கனெக்சனுக்கு எழுதிக் குடுத்து மூணு வருசமாச்சுங்க. எப்பத்தான் குடுப்பீங்க?”

“அந்த கேஸ் இல்லைங்க. நட்சத்திரத்திலேர்ந்து வர்ற கேஸ்.”

அவர் என்னை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தார். என் காலருகே நகர்ந்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “சொல்றதுக்கு இஷ்டமில்லீனா உடுங்க கண்ணு” என்றார். பிறகு முன் இருக்கைக்காரரிடம் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னது கேட்டுவிட்டது: “கெவுருமெண்டு ஆளாட்ட இருக்குது. வாயவே தொறக்க மாட்டீங்குது.”

பொள்ளாச்சியில் அன்று மாட்டுச் சந்தை. ஊருக்குள் நுழையும் இடத்தில் கயிறு கட்டிய காளைகள் சாலையை நிறைத்து நின்றதால் பேருந்து அரை மணி நேரம் நகரவில்லை. இறங்கி நடந்தே கோகிலாவின் மருத்துவமனையைக் கண்டுபிடித்தேன். முன் அறையில் தாடையைப் பிடித்தபடி நாலைந்து பேர். உள்ளே, முகத்துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார் கோகிலா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்கள் கொஞ்சமும் சிரிக்கவில்லை.

“வாங்க. துரைசாமி அனுப்புனாருங்களா?”

“நான் வர்றேன்னு உங்களுக்கு முன்னாடியே போன் பண்ணியிருந்தேனே.”

“பண்ணுனீங்க. வானம் பாக்கோணும்னு சொன்னீங்க. எதுக்குன்னு சொல்லலீங்களே.”

சுற்றி வளைப்பதில் பயனில்லை என்று தெரிந்தது. “உங்க படங்கள் மேல அவங்களுக்குச் சந்தேகம். பார்த்துச் சொல்லச் சொன்னாங்க” என்றேன்.

“உங்களுக்கு?”

“எனக்கும்தான்.”

அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். “அப்ப சரி. மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமுங்க. மூணு மணிக்குக் கெளம்பலாம். அது வரைக்கும் இன்னும் ரெண்டு பல்லு பாக்கி இருக்குது.”

தோப்பு ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், கோட்டூர் போகும் வழியில். ஜீப்பை அவரே ஓட்டினார். வழி நெடுக இரண்டு பக்கமும் தென்னை. அவருடைய கணவர் குமார் கொப்பரை வியாபாரம் செய்பவர். வீட்டுக்கு முன்னால் கொப்பரை காய வைக்கும் பெரிய சிமென்ட் களம். களத்தின் ஒரு மூலையில், தார்ப்பாய் போர்த்தி, பீரோ அளவுக்கு ஒன்று நின்றது.

பாயை விலக்கினார். பலகையால் செய்த நீளப் பெட்டி. அதுதான் குழாய். அடியில் பத்து அங்குலக் கண்ணாடி. உடைத்த கப்பலின் வட்டச் சன்னலிலிருந்து எடுத்த தடித்த கண்ணாடியாம். சென்னையில் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. அதைக் குழிவாகத் தேய்க்க அச்சு வேண்டும். பல் செட்டுக்கு அளவெடுக்கும் மாவையே கரைத்து அச்சு வார்த்திருக்கிறார்.

“எட்டு மாசம் தேச்சாங்க” என்றார் குமார், காபியை நீட்டியபடி. “ஊட்டுக்குள்ள எந்நேரமும் சர்ரு சர்ருன்னு ஒரே சத்தமுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, கள்ளச் சாராயம் ஏதாச்சும் காச்சுறீங்களான்னு கேட்டுப் போட்டாரு.”

கோகிலா அதற்கும் சிரிக்கவில்லை. மேலே கையைக் காட்டினார். களத்தைச் சுற்றித் தென்னைகள் கோட்டைச் சுவர் போல நின்றன. நடுவில் ஒரு துண்டு வானம்.

“எனக்குக் கெடச்ச வானம் இவ்வளவுதாங்க. தலைக்கு நேரா எது போகுதோ அதத்தான் பாக்க முடியும். இந்த விசிறி நேரா உச்சியில போகுது. அதனாலதான் அதப் புடிச்சுக்கிட்டேன்.”

கருவி நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியை நான் உற்றுப் பார்த்தவரை குறை எதுவும் தென்படவில்லை. ஆனால் நல்ல கருவி இருப்பதாலேயே ஒருவர் அதில் பார்த்ததைத்தான் வரைகிறார் என்று ஆகிவிடாது. அன்று சாயங்காலம் ஆனைமலைப் பக்கத்திலிருந்து மேகம் எழுந்து அந்தத் துண்டு வானத்தையும் மூடிவிட்டது. கோகிலா தன் படங்களைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

“இப்ப பார்த்தா, நாளைக்கு வானத்துலயும் எனக்கு இதுதான் தெரியும். முதல்ல நான் பார்த்து வரையறேன். அப்புறம் நீங்க. ஒருத்தர் வரையறதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது.”

“நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். படங்களை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் தேவைக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

புதன், பகல்.

கோகிலா மருத்துவமனைக்குப் போய்விட்டார். குமார் களத்தில் ஆட்களோடு கொப்பரை கிளறிக்கொண்டிருந்தார். முன் அறையில் புத்தக அலமாரி திறந்தே இருந்தது. பல் மருத்துவப் புத்தகங்களுக்கு நடுவே வானியல் புத்தகம் ஒன்று. எடுத்தேன். தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. அடிக்கடி திறந்த பக்கம் போலும். அந்தப் பக்கத்தில் விசிறி மேகத்தின் புகைப்படம். நட்சத்திரம் கீழே, விசிறி மேல் நோக்கி விரிந்து, துல்லியமாக.

புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன். துரைசாமி சொன்னது சரிதான் என்று தோன்றியது. சாயங்காலம் வரை எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. அன்றே ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வானம் நீலமாக, சுத்தமாக இருந்தது, அதனால் தங்கினேன்.

புதன், மாலை ஏழரை மணி.

இருட்டியதும் கோகிலா வீட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார். பெட்டியைக் கிழக்குப் பக்கமாகச் சாய்த்து மேகத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏணிப்பலகையில் ஏறிக் கண்ணை வைத்தேன். முதலில் எதுவும் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: என் வேலை முழுவதும் ரேடியோ அலைகளில். கணினி தரும் கோட்டு வரைபடங்களில்தான் நான் வாயு ஓட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் மங்கலானவை தெரியும் என்று படித்ததை நினைத்துக்கொண்டு பார்வையை விலக்கினேன். சட்டென்று அது அங்கே இருந்தது. சின்னஞ்சிறிய, வெளிறிய விசிறி. நுனியில் கூர்மையான ஒளி. இடப்பக்கமாக விரிந்திருந்தது. கீழ் விளிம்பை ஒட்டி யாரோ கடித்தெடுத்ததுபோல ஒரு கறுப்பு.

இருட்டுக்குப் பழகிய கண் கூசாதபடி சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சின் வெளிச்சத்தில் பென்சிலால் வரைந்தேன். நிச்சயமாகும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு மேல் முடித்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

இப்போது நான் உள்ளே, அவர் வெளியே. இருட்டில் குமாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பலகைப் பெட்டி தரையில் உராய்ந்து திரும்பும் ஓசை கேட்டது. வெகு நேரம் கழித்துக் கோகிலா உள்ளே வந்தார். இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். குமார் விளக்கைப் போட்டார்.

என் விசிறி இடப்பக்கம் விரிந்திருந்தது. அவருடையது வலப்பக்கம். என் படத்தில் கறுப்பு கீழே. அவர் படத்தில் மேலே.

எனக்குள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. “டாக்டர், நீங்க இன்னைக்கு அதைப் பார்க்கவே இல்லை. ஞாபகத்திலேர்ந்து வரைஞ்சிருக்கீங்க. அலமாரியில அந்தப் புத்தகத்தையும் பார்த்தேன்.”

குமார் நாற்காலியை விட்டு எழுந்தார். “ஏனுங்க, எங்கூட்ல வந்து ஒக்காந்துக்கிட்டு...”

“நீங்க இருங்க” என்று அவரை உட்கார வைத்தார் கோகிலா. குரல் உயரவில்லை. “புஸ்தகம் இருக்குதுங்க. அதுல பாத்துத்தான் இதத் தேடவே ஆரம்பிச்சேன். அதுல விசிறி எந்தப் பக்கம் விரியுது?”

“மேலே.”

“எம் படத்துல?”

“வலப்பக்கம்.”

“அதப் பாத்து வரைஞ்சிருந்தா மேலதானுங்க வரைஞ்சிருப்பேன்? எந்திரிங்க. ஏறிப் பாருங்க. மேகம் வருது, சீக்கிரம்.”

வெளியே வந்தேன். மேற்கே தென்னந்தலைகளுக்கு மேல் வெள்ளையாக ஒரு விளிம்பு எழுந்துகொண்டிருந்தது. பலகையில் ஏறப் போனவள் நின்றேன். பலகை நான் வைத்த இடத்தில் இல்லை. பெட்டி இப்போது எதிர்ப்பக்கமாக, மேற்கு நோக்கிச் சாய்ந்திருந்தது. சுற்றி வந்து ஏறிக் கண்ணை வைத்தேன்.

விசிறி வலப்பக்கம் விரிந்திருந்தது. கறுப்பு மேலே இருந்தது.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கண்ணையே நம்ப முடியவில்லை. பிறகு அண்ணாந்து பார்த்தேன், புரிந்துவிட்டது. நான் பார்த்தபோது அது உச்சிக்குக் கிழக்கே இருந்தது. நான் வரைந்து முடித்து, அவர் வெளியே வருவதற்குள் தலைக்கு நேர் மேலே வந்து, மேற்கே இறங்கத் தொடங்கிவிட்டது. அவர் பெட்டியை முழுதாகத் திருப்பி, எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். உச்சியைத் தாண்டும் பொருள் அப்படிப் பார்ப்பவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். பெங்களூரில் இதையெல்லாம் கணினி கணக்கிட்டுக்கொள்கிறது. எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

மேகம் மூடிவிட்டது. உள்ளே போனதும் கோகிலா என் தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பித் தன் தாளின் மேல் வைத்து, விளக்குக்கு எதிரே பிடித்தார். நுனி மேல் நுனி. கறுப்பின் மேல் கறுப்பு. ஓரம் மட்டும் ஒரு நூலிழை விலகியிருந்தது. என் கை அவர் கை அளவுக்குத் தேர்ந்ததில்லை.

“மன்னிச்சிடுங்க டாக்டர்” என்றேன்.

“நீங்க மூஞ்சிக்கு நேராக் கேட்டீங்க. அங்க கூட்டத்துல முதுகுக்குப் பின்னால சிரிச்சாங்க” என்றார். தாள்களை இறக்கி வைத்தபடி, “எனக்கே அப்பப்ப சந்தேகம் வருமுங்க. இல்லாததப் பாக்குறனோன்னு. ரெண்டு வருசமா இன்னொருத்தரு கண்ணு கெடைக்கல” என்றார்.

அப்போதுதான் அவருடைய பழைய படங்களைப் பார்த்தேன். மார்கழியில் கறுப்பே இல்லை. தை நடுவில் நுனிக்கருகே ஒரு கீற்று. இப்போது அது விளிம்புக்கு நகர்ந்திருக்கிறது. உள்ளே குழந்தை நட்சத்திரம் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கிறது; அந்தப் புழுதியின் நிழல் இது. அது ஊதும் காற்று இந்தக் குடைவை இன்னும் அகலமாக்கும். சுற்றியுள்ள மேகம் கலைந்து மெலியும். ஒரு நாள் விசிறியே இல்லாமல் நட்சத்திரம் தனியாக நிற்கும். நம் சூரியனும் அப்படி நின்றதுதான். இவற்றையெல்லாம் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு அது ஒரு செய்தியாக இல்லாமல் ஓர் இடமாகத் தெரிந்தது.

வியாழன், மாலை. மீண்டும் கோயம்புத்தூர் ரயில் நிலையம்.

துரைசாமி வழியனுப்ப வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“முன்னாடியே உங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்களோ மேடம்? பேச்சுவாக்குல?”

“இல்லை. அவங்க படத்தை நான் கையால்கூடத் தொடலை.”

“சரிங்க. அப்ப உங்க படத்த மட்டும் அறிக்கையில போட்டுக்கறோம். நீங்க ஆராய்ச்சிக்காரங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

“என் படம் என்கிட்ட இல்லை. அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டையும் சேர்த்துப் போடுறதா இருந்தா நீங்களே போய் வாங்கிக்கோங்க. ஒரு தடவை அந்தக் களத்துல, பலகை மேல ஏறிப் பாருங்களேன்.”

“நானுங்களா?”

“ஐம்பது கிலோமீட்டர்தானே.”

அவர் பதில் சொல்லுமுன் வண்டி நகர்ந்தது. போவாரா மாட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை. என்னையும் அவர் நம்பவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாளைக்கு முன்பு கோகிலாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு வந்தேன். பெங்களூரில் என் அறையிலிருந்து பார்த்தால் வானத்தில் ஏழெட்டு நட்சத்திரம் தெரியும். அந்தச் சிமென்ட் களத்தின் மேலிருந்த துண்டு வானத்தை அதோடு ஒப்பிடவே முடியாது.

சித்திரையில் மன்றத்தின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. கோகிலாவின் படங்கள் எல்லாம் இருந்தன. என்னுடையதும் பக்கத்தில் இருந்தது, சரியான பக்கம் திருப்பி. கடைசியாக இன்னொரு படம். பங்குனியில் வரைந்தது. கீழே துரைசாமியின் பெயர். கொஞ்சம் கோணலான விசிறி. அதில் கறுப்பு நாங்கள் பார்த்த இடத்தை விட்டு விளிம்புக்கு வெளியே ஏறக்குறையப் போய்விட்டிருந்தது.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே இன்னொன்றும் தோன்றியது. நகரும் என்று இப்போது அவருக்கும் தெரியும். உண்மையிலேயே போய்ப் பார்த்தாரா? அல்லது கணபதியில் உட்கார்ந்துகொண்டே எங்கள் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி வரைந்துவிட்டாரா?

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பொள்ளாச்சிக்குப் போட்டேன். கோகிலாதான் எடுத்தார்.

“டாக்டர், துரைசாமி அங்க வந்தாரா?”

“வந்தாருங்க. ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போனாரு” என்றார். அவர் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். “கடவாப்பல்லு ஒண்ணு சொத்தையா இருந்துச்சு. அதையும் புடுங்கிப் போட்டு அனுப்புனேன்.”